நண்டு போட்ட ஃபைல்

அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருபது வருடம் எழுத்துக் கோத்தவர். அச்சகத்தை மூடியதும், பாளையங்கோட்டையில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் லோகோ வரைந்துகொண்டிருந்த மெஹருன்னிசாவிடம் தொழில் பழக வந்தார். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. இருந்தாலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் தனியாக வரைந்த முதல் லோகோ, புதிதாகத் திறக்கவிருந்த ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு. சிவப்பில், புற்றுநோயின் அடையாளமான ஒரு பெரிய நண்டு. அதன் முதுகில் இறங்கிய வாள். கீழே கொட்டை எழுத்தில் மருத்துவமனையின் பெயர். டாக்டர் பார்த்த மாத்திரத்தில், "பிரமாதம்" என்றார். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

அருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"டாக்டருக்குப் பிடிச்சிருக்கு. ஆனாலும் மனசு ஒப்பல டீச்சர். ஒரு லோகோ சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மெஹருன்னிசா அந்த நண்டை நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஃபைல் அட்டையில் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இத நெஞ்சோட புடிச்சுக்கிட்டு ஜங்ஷன் வரைக்கும் டவுன் பஸ்ல போயிட்டு வாங்கண்ணே. படம் வெளியே தெரியணும். யார்கிட்டயும் எந்த விளக்கமும் சொல்லாதீங்க."

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனால் அவரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விழுந்தது. ஒரு தாய், குழந்தையைத் தூக்கி மறுபக்க மடியில் வைத்துக்கொண்டாள். சில்லறைக்கு எல்லோரிடமும் எரிந்து விழுந்த கண்டக்டர், இவரிடம் குரலைத் தணித்து, "உக்காருங்கய்யா" என்றார்.

பக்கத்து இருக்கைக்காரர் மெல்லக் கேட்டார்.

"எந்த இடம்?"

"ஜங்ஷன்."

"அதில்லங்க. உடம்புல எந்த இடம்?"

அருளப்பனின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. எச்சில் விழுங்கினார். ஏதோ தட்டுப்பட்டது போலிருந்தது. மறுபடி விழுங்கினார். இருக்கிறது. காலையில் இது இருந்ததா?

வண்ணார்பேட்டையில், அவர் மனைவி ஜெசிந்தாவோடு கோயில் பாட்டுக்குழுவில் பாடும் ரெஜினா ஏறினாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஃபைலைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஜெசிந்தாவுக்குத் தெரியுமாண்ணே?" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அவருக்கு, இது என்னுடையது இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. டீச்சர் சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டார். நண்டின் கொடுக்கு தன் சட்டைப் பொத்தானைப் பற்றியிருப்பதாகத் தோன்றியது. அவர் வரைந்த கொடுக்குதான். ஒவ்வொரு முள்ளையும் ரசித்து ரசித்துக் கூர்தீட்டியிருந்தார்.

எதிர் இருக்கையில் ஒரு இளம்பெண். தலையில் இறுக்கக் கட்டிய துணி, புருவமே இல்லாத முகம். அவள் மடியிலும் ஒரு ஃபைல் இருந்தது, வேறு ஏதோ ஆஸ்பத்திரியுடையது. படம் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தாள். விளிம்பில் ஒரு கொடுக்கின் நுனி மட்டும் தெரிந்தது.

அவள் சற்றுக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"திருப்பிப் புடிச்சுக்கோங்கண்ணே. பழகிரும்."

அவர் ஜங்ஷன் வரை போகவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, பாளையங்கோட்டைக்கு நடந்தே வந்தார். வந்ததும் ரெஜினாவுக்குப் போன் செய்து, தனக்கு ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நண்டை அழித்தார். வாளையும் அழித்தார். வெள்ளைத் திரையில் மருத்துவமனையின் பெயர் மட்டும் மிஞ்சியது. நடந்ததையெல்லாம் அப்போதுதான் மெஹருன்னிசாவிடம் சொன்னார்.

"டாக்டருக்குப் போன் போடணும் டீச்சர். அவ்வளவு ஆசையா ஒத்துக்கிட்டவரு. பஸ்ல ஒரு பொண்ணு சொன்னான்னு மாத்துறியான்னு சத்தம் போடுவாரு."

"போடுவாரு."

"யாருய்யா அந்தப் பொண்ணுன்னு கேட்டா? எனக்கு அவ பேருகூடத் தெரியாதே."

மெஹருன்னிசா போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்ககிட்ட வரப்போற பேஷண்ட்டு டாக்டர்னு சொல்லுங்கண்ணே."