கொட்டகைக்குள் பின்னோக்கி

விமானக் கதைகளில் ஓட்டுபவர் இருப்பார், மேகம் இருக்கும். அதே விமானத்தைக் கையால் கொட்டகைக்குள் தள்ளும்போது, இறக்கை எதிலும் இடிக்காமல் பார்த்தபடி கூடவே நடப்பவளை யாரும் எழுதுவதில்லை. அவள் பெயர் சகாயமேரி.

பறக்கக் கற்க வந்தவள். உடன் சேர்ந்த ஆண்கள் அனைவரும் தனியாகப் பறந்துவிட்டார்கள்.

"நீங்க சொன்ன எதையாவது நான் செய்யாம விட்டிருக்கேனா சார்?"

"இல்லம்மா," என்றார் பயிற்றுநர் கேப்டன் வைரவன்.

"அப்புறம் ஏன் என்னைத் தனியா அனுப்ப மாட்டேங்கிறீங்க?"

"அதனாலதான்."

இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போவது குருமார்களின் வழக்கம். அவரும் எழுந்தார்.

மழைக்கு முன் அந்தச் சிறு விமானத்தை உள்ளே விட வேண்டும். இன்ஜின் சாவியைக் கழற்றி எடுத்தார். எடுத்த பிறகும் புரொப்பெல்லரைத் தொடவில்லை. சாவி இல்லாவிட்டாலும் அது சுழலாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முன்சக்கரத்தில் இழுகம்பியை மாட்டி, வால் முதலில் நுழையும்படி பின்னோக்கித் தள்ளினார். சகாயமேரி தடைக்கட்டையுடன் இடது இறக்கை ஓரமாக நடந்தாள்.

இறக்கை கதவுத் தூணை நெருங்கியது.

"நிறுத்துங்க சார்."

"இடம் இருக்கு."

"இல்ல சார்."

"நீ பொறக்குறதுக்கு முந்தியே இந்தக் கதவுல விமானம் விட்டவன் நான். பேசாம வா."

சக்கரம் உருண்டது.

அவள் இறக்கைக்கு அடியில் குனிந்து ஓடி, சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைப் போட்டாள். விமானம் நின்றது. இழுகம்பி அவர் கையை உதறியது.

"என்ன பண்ற நீ?"

"வந்து பாருங்க."

வந்தார். இறக்கை நுனிக்கும் தூணுக்கும் நடுவே கையை நுழைத்தார். ஒரு விரல் கனம்தான் இடைவெளி.

அவள் நிமிர்ந்து நின்று கேட்டாள். "என்னைச் சோதிச்சீங்களா சார்?"

வேறு எந்தக் குருவாக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்.

"இல்லம்மா. எனக்குத் தூண் தெரியல."

சற்று நேரம் தூணையே பார்த்தார். பிறகு சாவியை அவளிடம் நீட்டினார்.

"காலையில நீ மட்டும் போ."

மறுநாள் காலை சகாயமேரி தனியாக ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒழுங்காக இறங்கினாள். அடுத்த ஆண்டு உரிமம் பெற்றாள். இப்போது சரக்கு விமானம் ஓட்டுகிறாள். துணை விமானிகள் அவளை எதிர்த்துப் பேசுகிறார்கள். அது அவளுக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் கேட்கிறாள்.