மண்டபத்துப் படி

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. அந்த மடத்தில் பூசையைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ஆடி பிறப்பதற்கு முன்னால் மடத்துக்காரர்கள் கரையோர ஊர்களுக்கெல்லாம் நடந்து போவார்கள். போன வெள்ளம் எதுவரை ஏறியதோ, வீட்டுச் சுவரில் அந்த மட்டத்துக்குக் காவிக் கோடு போடுவார்கள். இந்த வருஷம் தண்ணீர் எப்படி வரும், எந்த மேட்டில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவார்கள்.

மடத்தின் தலைவி வேலம்மைத் தாயாருக்கு நாற்பது வயதுதான். அவரிடம் சீடராகச் சேர்ந்த திருமேனிக்கோ அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெண்கலக் குரல். அவர் பேசினால் கேட்பவர்கள் அசையாமல் கேட்பார்கள். அவரும் லேசில் நிறுத்தமாட்டார்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் அவர் முகம் சிவக்கத் திரும்பி வந்தார்.

"தாயே, படுகைத் தெருவுக்கு இனிமே என்னை அனுப்பாதீங்க."

படுகைத் தெரு ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் இருந்தது. வெள்ளம் வந்தால் முதலில் நுழைவது அங்கேதான். கூப்பிடு தூரத்தில் மேட்டுத் தெரு. அதன் முகப்பில் ஊருக்குப் பொதுவான கல்மண்டபம். எந்த வெள்ளமும் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததில்லை.

"என்ன நடந்தது?" என்றார் தாயார்.

"மேலணை இப்பவே தளும்புது. இந்தத் தடவை கூரையும் முழுகும்னு சொன்னேன். தண்ணி வர்றதுக்கு முன்னாடி மண்டபத்துக்கு ஏறிடுங்கன்னு சொன்னேன். தொண்டை வத்திப்போச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சரிங்க சாமின்னாங்க. ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்றாங்க. தண்ணி வந்தா கூரைமேல ஏறி உட்கார்ந்துக்கறாங்க. போன வருஷம் அந்தக் கோவிந்துவை வாரிக்கிட்டுப் போச்சே! என் கையாலதானே தாயே பொணத்தைக் கரை சேர்த்தேன்."

அதைச் சொல்லும்போது வெண்கலக் குரல் உடைந்துவிட்டது. இந்த வருஷம் எத்தனை பேரைத் தூக்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான் அவருக்குக் கோபமாக வந்திருந்தது.

"சரிங்க சாமின்னதுக்கு அப்புறம் என்ன சொன்னாங்க?"

"அப்புறம் நான் எழுந்துட்டேன். இன்னும் நாலு ஊர் பாக்கி இருந்தது."

"நாளைக்கு மறுபடி போம். தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அங்கேயே சாப்பிட்டுட்டு வாரும்."

திருமேனிக்குப் பேசாமல் இருப்பது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் போனார்.

கோவிந்துவின் அண்ணி செல்லக்கண்ணு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சுவரில் திருமேனி போட்ட காவிக் கோடு அவள் தலைக்கு மேலே ஓடியது.

"பசிக்குதும்மா" என்றார்.

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவர் மோர்கூட நின்றுகொண்டேதான் குடித்திருக்கிறார். உள்ளே போய்க் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தாள். அவர் சாப்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதி அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"சாமி எங்கமேல கோவமா இருக்கீங்க. நாங்க மண்டபத்துக்கு ஏறாம இல்ல. கோவிந்து போறதுக்கு ரெண்டு வருஷம் முந்தி ஒருதடவை ஏறினோம்."

திருமேனி அடுத்த கவளத்தை எடுத்தார்.

"ரெண்டு நாள் இருந்தோம். யாரும் ஒண்ணும் சொல்லல, கஞ்சிகூட ஊத்துனாங்க. தண்ணி வடிஞ்சதும் கெளம்பினோம். நாங்க படி எறங்கி முடிக்கல சாமி. பின்னாலயே சாணியும் மஞ்சளும் கரைச்சு மண்டபத்தைக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. கழுவுன தண்ணி படியில எறங்கி வந்து எங்க காலை நனைச்சுது. எம் புள்ளைங்க திரும்பிப் பாத்துச்சுங்க."

அவள் கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினாள்.

"ஆத்துத் தண்ணி கழுத்து வரைக்கும் வந்திருக்கு. தாங்கிட்டோம். அந்தத் தண்ணி பாதத்தைத்தான் நனைச்சுது. அதைத் தாங்க முடியல. இன்னும் கொஞ்சம் களி வைக்கட்டுமா?"

திருமேனி வேண்டாம் என்று கையை அசைத்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தார். மூன்று வருஷம் இந்த வாசலில் நின்று மண்டபத்துக்கு ஏறு, ஏறு என்று தான் முழங்கியதை நினைத்து வெட்கப்பட்டார்.

மடத்துக்கு வந்து தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்பவே மேட்டுத் தெருவுக்குப் போறேன். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வர்றேன்."

"திட்டு வாங்கிக்கிட்டு இடம் கொடுத்தா, அந்த இடத்துல யாரு நிம்மதியா தூங்குவாங்க?" என்றார் தாயார். "நானும் வர்றேன். இன்னைக்கும் நீர் பேசக் கூடாது."

மேட்டுத் தெருவில் மண்டபத்தின் சாவி தியாகேசன் வீட்டில் இருந்தது. அவர் எழுந்து நின்று தாயாரை வரவேற்றார். மனைவி லோகாம்பாள் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள்.

"படுகைத் தெருக்காரங்களை மண்டபத்துக்குக் கூப்பிடணும்" என்றார் தாயார்.

"கூப்பிடறதுக்கு என்ன இருக்கு? தண்ணி வந்தா மண்டபம் திறந்துதானே இருக்கும். யார் வேண்டாம்னா?"

"உம்ம பொண்ணு கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டை எப்படி அழைச்சீர்?"

"வெத்தலை பாக்கு வச்சு, நேர்ல போய்."

"கல்யாண வீட்டுக் கதவு திறந்துதானே இருந்தது? அவங்களா வந்திருக்கலாமே?"

தியாகேசன் துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டார். "அதுவும் இதுவும் ஒண்ணா தாயே? ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசுவாங்க" என்று தாயார் ஒப்புக்கொண்டார்.

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தார். திருமேனிக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. லோகாம்பாள் வெளியே வந்தாள். அவள் கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ். அன்றைக்கு மண்டபத்தைக் கழுவச் சொல்லி ஆள் ஏவியது அவள்தான். அது மேட்டுத் தெரு முழுக்கத் தெரியும். அவள் கணவரைப் பார்க்காமல் வாசல் இறங்கினாள்.

படுகைத் தெருவில் அவளைக் கண்டதும் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். லோகாம்பாள் செல்லக்கண்ணுவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். தாம்பாளத்தை நீட்டினாள்.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே வந்துடணும். குடும்பத்தோட வரணும். ஆடு மாட்டையும் ஓட்டிக்கிட்டு வாங்க."

செல்லக்கண்ணு தாம்பாளத்தை வாங்கவில்லை.

"வர்றோம். திரும்பிப் போகும்போது?"

லோகாம்பாள் நீட்டிய கையை மடக்கவில்லை. தாம்பாளத்தில் பாக்கு உருண்டது.

"நீங்க வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நான் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்."

செல்லக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தாள், சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். லோகாம்பாள் அடுத்த வாசலுக்குப் போனாள்.

ஆடியில் தண்ணீர் வந்தது. இங்கே ஒரு தூற்றல் இல்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. மேற்கே எங்கேயோ பெய்த மழை மேலணையைத் தாண்டி வந்து படுகையை விழுங்கியது. கூரைகள் மிதந்து போயின. கூரைமேல் யாரும் இல்லை. படுகைத் தெரு மொத்தமும் மண்டபத்தில் இருந்தது. ஆடுகள் தூணுக்குத் தூண் கட்டிக் கிடந்தன. கஞ்சி ஊற்ற வந்த மேட்டுத் தெருப் பெண்களில் சிலர் பேசினார்கள், சிலர் பேசாமல் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் வடிந்த காலையில் படுகைப் பெண்கள் மண்டபத்தைத் தாங்களே பெருக்கிவிட்டு இறங்கினார்கள். திருமேனி ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடு கீழே வந்தார். பிறகு மடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"தாயே, எல்லாரும் பிழைச்சாங்க! ஒரு உசிர் போகலை!"

தாயார் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு கேட்டார்.

"மண்டபத்துப் படி ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா?"

திருமேனி விழித்தார். "பார்க்கலையே தாயே."

"போய்ப் பார்த்துட்டு வாரும்."

வெயில் ஏறிவிட்டது. அவர் வியர்த்து விறுவிறுத்து மண்டபத்துக்குப் போனபோது லோகாம்பாள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே படுகையில் செல்லக்கண்ணு வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

வேலைக்காரப் பெண் இடுப்பில் நிறைகுடத்தோடு வந்து நின்றாள்.

"போன தடவை மாதிரி கழுவிடத்தான் தண்ணி கொண்டாந்தேன்மா. ஊத்தட்டுமா?"

"வேண்டாம். அதைக் கீழே கொண்டுபோய்க் கொடு. அவங்க கிணறு கலங்கியிருக்கும். குடிக்கத் தண்ணி வேணும்."

திருமேனி குனிந்து படியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கல் சுட்டது.

மடத்துக்குத் திரும்பி வந்தார். அவர் எவ்வளவோ பேச நினைத்திருந்தார். வழியிலேயே எல்லாம் போய்விட்டது.

"காய்ஞ்சிருக்கு தாயே."

"அப்போ அடுத்த வருஷத்துச் சேதியை அந்தப் படிக்கல்லே சொல்லிடுச்சு" என்றார் வேலம்மைத் தாயார். "கோடு போடறதுதான் பாக்கி. நீர் போய்க் காவியைக் கரையும்."