அலமாரியில் தூங்கிய பம்பு

அந்தப் பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவர் தணிகாசலம் கையெழுத்துப் போட்டால்தான் இறுதியாண்டு ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் இல்லையென்றால் பட்டம் இல்லை. மாணவி மெர்சி எதைக் கொண்டுபோனாலும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, இதெல்லாம் அரைத்த மாவு. இந்தத் துறையில் இதுவரை யாருமே செய்யாததைச் செய். இல்லையென்றால் அடுத்த வருஷம் வா!" என்றார், எதிரே உட்கார்ந்திருந்த பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் மெச்சும்படி.

மெர்சி பணிவாகக் கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். "அங்கே பரிசு வாங்கிய ப்ராஜெக்டுகள் இருக்கே சார், அதில் ஒன்றை ஓடவைக்கிறேன். அதைத்தான் இதுவரை யாருமே செய்யவில்லை."

"என்ன திமிர்! எல்லாமே ஓடும்!"

தணிகாசலம் ஒரு தானியங்கிப் பம்பை எடுத்து சுவிட்சைத் தட்டினார். அசையவில்லை. ஓங்கித் தட்டினார். மூடி கழன்று விழுந்தது. உள்ளே மோட்டாரே இல்லை.

பேராசிரியர் இருமுவதுபோல் சிரித்தார்.

தணிகாசலம் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "முதலில் ஒன்று கொண்டுவந்தாயே, அதையே செய்மா. அருமையான ப்ராஜெக்ட்!"