மருதாயியின் மூடாத கண்

வெகு காலத்துக்கு முன்னால், ராஜா வாயிலிருந்து வந்ததெல்லாம் சட்டமாக இருந்த காலத்தில், நெடுங்குன்றம் என்று ஒரு நாடு. அங்கே ஒரு வழக்கம். யாரையாவது பொய்யர் என்று சந்தேகப்பட்டால் சபையில் ஒரு விளக்கை நீட்டுவார்கள். ஒரே மூச்சில் ஊதி அணைத்தால் யோக்கியர். அணைக்காவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில், புலிக்காட்டில் விட்டுவிடுவார்கள். இதைக் கண்டுபிடித்த மகானைக் கேள்வி கேட்க ஆளில்லை.

அந்த ஊருக்குக் கங்காளன் என்ற பொம்மலாட்டக்காரன் வந்தான். அவனுடைய மரப்பொம்மைகள் புருவம் உயர்த்தும், கண் சிமிட்டும், கன்னம் குழியச் சிரிக்கும். ராஜா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு புதுப் பொம்மை வரும். மறுநாள் ஊரில் யாருக்காவது பாதி முகம் தொங்கிப்போகும். இரண்டையும் சேர்த்து யோசிக்க மந்திரிகளுக்கு நேரமில்லை. முகம் கோணினால் பொய்ச்சத்தியம் செய்தவர் என்றார்கள், விளக்கை நீட்டினார்கள். தொங்கின உதடு எப்படி ஊதும்? காற்று ஓரமாய் ஒழுகியது. ஒவ்வொருவராய் அக்கரைக்குப் போனார்கள்.

ஒரு காலையில், அரண்மனைக் கொட்டிலில் சாணி அள்ளும் மருதாயிக்கு வலப்பக்கம் நெற்றி சுருங்கவில்லை, கண் மூடவில்லை, வாய் கூடவில்லை. குடித்த கஞ்சி மார்பில் வழிந்தது. அவளுடைய கைக்குழந்தை அம்மா முகத்தைப் பார்த்து வீறிட்டது.

சபையில் அவளும் ஊதினாள். சுடர் ஆடக்கூட இல்லை.

“ஊதத்தான் உதடு வேண்டும், மகாராஜா. உண்மை சொல்லவுமா?” என்று குழறினாள்.

மறுநாள் விடிந்ததும் அவளை அக்கரைக்கு அனுப்பச் சொன்னார் ராஜா. குழந்தையை இங்கேயே விட்டுவிட வேண்டுமாம். அதுவரை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார்.

அன்றைக்கே உச்சிவேளையில் ஆட்டம். ஊரே வரவேண்டும் என்பது உத்தரவு. அவளும் குழந்தையோடு ஓரமாய் உட்கார்ந்தாள். கங்காளன் எப்போதும்போல், கண்ணை மூடுங்கள் என்று மூன்று தடவை சொன்னான். முதல் தடவை இமை கனத்தது. இரண்டாம் தடவை உடம்பு மரத்தது. மூன்றாம் தடவை ராஜா முதல் காவல்காரன் வரை கல்லாய் உறைந்தார்கள். மருதாயிக்கு இடது கண் மூடியது. வலது கண் மூடவில்லை. மந்திரம் அவளிடம் பலிக்கவில்லை.

அந்தக் கண்ணால் பார்த்தாள். கங்காளன் கையில் ஒரு பிடி வெள்ளி இழைகள். முகத்தின் தசைகளையெல்லாம் இழுத்துப் பிடிக்கிற இழைகள், ஊரார் முகத்திலிருந்து உருவி அவன் பொம்மைகளுக்குக் கட்டியவை. வரிசை வரிசையாய் முகங்களை ஆராய்ந்துகொண்டே வந்தவன், அவள் குழந்தையிடம் குனிந்து, காதுக்குப் பின்னால் நகத்தை வைத்தான்.

மருதாயி நல்ல பக்கத்துப் பல்லால் அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். கைப்பிடி திறந்து இழைகள் சிதறின.

“உன்னையும் கண்ணை மூடத்தானேடி சொன்னேன்?” என்றான்.

“மூடுகிற இழையை உருவினவன் நீதானே.”

இழைகளை விட்ட கையில் மந்திரம் நிற்கவில்லை, அவன் மேலேயே திரும்பியது; கால் மரமானது, இடுப்பு மரமானது, நாக்கும் மரமானது. கட்டையாய்ச் சாய்ந்தான்.

ஊர் விழித்துக்கொண்டது. ஓர் இழை பறந்து வந்து மருதாயியின் காதுக்குப் பின்னால் நுழைந்தது. நெற்றி சுருங்கியது, கண் மூடியது, வாய் கூடியது. குழந்தை அவள் உதட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவளுக்கு வீடு, நிலம், பசு எல்லாம் கொடுத்தார்கள், கொடுக்காமல் என்ன. விளக்கு வழக்கமும் அன்றோடு ஒழிந்தது.

மற்ற இழைகள் கூட்டமாய் ஆற்றைத் தாண்டிப் பறந்தன. வெகு நேரம் தேடிவிட்டுத் திரும்பி வந்து ராஜாவின் காலடியில் விழுந்தன.

“இவை யாருடையவை?” என்றார் ராஜா.

“நீங்கள் அக்கரைக்கு அனுப்பினவர்களுடையவை,” என்றாள் மருதாயி. “போய் உட்கார அங்கே முகம் மிச்சமில்லை.”

கதை இவ்வளவுதான். எழுந்திருங்கள், நான் பாயைச் சுருட்ட வேண்டும்.