போனது எட்டு கேபிள்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: சிந்தசைசர் கட்டும் மெஹருன்னிசா டீச்சர், அவரிடம் இரண்டு வருடமாகத் தொழில் படிக்கும் அந்தோணிமிக்கேல், நாதஸ்வரம் வாசிக்கும் சொர்ணவல்லி. ஆக மூன்று பேர். கணினியைச் சேர்த்தால் நாலு. அந்தோணிமிக்கேல் சேர்த்துத்தான் எண்ணுவார்.

டீச்சருக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. டெலிபோன் கேபிள் வேலையில் ஓய்வு பெற்றவர்.

“டீச்சர், பெட்டி சொன்ன பேச்சு கேட்கமாட்டேங்குது.”

மரச்சட்டத்தில் திருகிய இருபத்திரண்டு ஒலிப்பெட்டிகள் சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி. கணினியில் உள்ள இசை மென்பொருள், இன்ன சுரம் என்று மின்னழுத்தமாகச் சொல்லி அனுப்பும். பெட்டி பாடும்.

காலையில் அந்தோணிமிக்கேல் ஒவ்வொரு சுரத்துக்கும் திருத்த எண் கண்டுபிடித்து மென்பொருளில் ஏற்றியிருந்தார். வெயில் ஏறியது. பெட்டி சூடானது. சுருதி நகர்ந்துவிட்டது.

சொர்ணவல்லி ஒரு மூச்சு நீட்டி ஊதினார். பெட்டியும் கூடப் பாடியது. இரண்டும் ஒட்டாமல், ஒலி விம்மி விம்மி அடங்கியது.

“முப்பத்தொன்பது விம்மல்,” என்றார் அந்தோணிமிக்கேல்.

“ஒண்ணு கூட்டி நாற்பதாச் சொல்லுங்க அண்ணாச்சி, கேட்க நல்லாருக்கும்.” சொர்ணவல்லி நாதஸ்வரத்தை மடியில் வைத்தார். “சாயங்காலம் மேடையில இப்படி விம்முச்சுன்னா நான் சுருதிப்பெட்டியை வச்சு வாசிச்சுட்டுப் போயிருவேன். இது வண்டியிலேயே கிடக்கட்டும்.”

இரண்டு வருட உழைப்பு வண்டிக்குள் கிடப்பதை அந்தோணிமிக்கேல் நினைத்துப் பார்த்தார்.

“எண்களையெல்லாம் திரும்ப மாத்தட்டுமா டீச்சர்?”

“மாத்துங்க. அஞ்சு மணிக்கு அதுவும் பொருந்தாது.”

“அப்ப என்னதான் செய்ய?”

டீச்சர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

“மாதா கோயில்ல பாடுவீங்கல்ல அண்ணாச்சி?”

“நாற்பத்து நாலு வருஷமா.” கூச்சத்தோடுதான் சொன்னார், ஆனால் தலை நிமிர்ந்துவிட்டது. “ஒருநாளும் சுருதி விலகினதில்லை.”

“சொர்ணக்கா, ஊதுங்க. அண்ணாச்சி, கூடப் பாடுங்க.”

அந்தோணிமிக்கேல் வாய் திறந்ததும், டீச்சர் ஒரு ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினார். அதில் அருவி கொட்டுவது போல இரைச்சல். நாதஸ்வரமே கேட்கவில்லை. விடாமல் பாடினார். நன்றாகப் பாடியதாகவே நினைத்தார்.

ஹெட்ஃபோனைக் கழற்றினால், சொர்ணவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் பாளையங்கோட்டையிலேயே நிக்கேன் அண்ணாச்சி. நீங்க தூத்துக்குடிக்குப் போயிட்டீங்க!”

“காதை அடைச்சுட்டுப் பாடச் சொன்னா எவன் பாடுவான் டீச்சர்?”

“எவன் பாடுவான்?” என்றார் டீச்சர். திரும்பி, விட்ட வேலையை எடுத்துக்கொண்டார்.

அந்தோணிமிக்கேலுக்குக் கோபம் வந்தது. போனது.

கணினிப் பக்கம் நடந்தார். குனிந்து எண்ணினார்.

கணினியிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் எட்டு.

மறுபடி எண்ணினார். எட்டு.

பெட்டியிலிருந்து கணினிக்கு வருவது?

ஒன்றுகூட இல்லை.

பிறகு இன்னொரு கேபிளை எடுத்தார். ஒரு முனையைப் பெட்டி பாடும் வாயில் குத்தினார். மறுமுனையைக் கணினியின் காதில். காலையில் ஏற்றிய எண்கள் முழுவதையும் அழித்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணினி பெட்டியின் பாட்டைக் கேட்டு, பிசகிய அளவுக்கு மட்டும் திருத்தி அனுப்பும்படி மென்பொருளை மாற்றினார்.

டீச்சர் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அது அந்தோணிமிக்கேலுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

“ஊதும்மா,” என்றார்.

சொர்ணவல்லி ஊதினார். பெட்டி பாடியது. அந்தோணிமிக்கேல் கண்ணை மூடி எண்ணினார்.

“எத்தனை அண்ணாச்சி?”

“மூணு,” என்றார். முகம் வாடிவிட்டது.

சொர்ணவல்லி நாதஸ்வரத்தின் வாய்ப்பக்கத்துச் சீவாளியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வேறொன்றை எடுத்து எச்சில் தொட்டு நனைத்தார்.

“பெட்டியை மேடைக்கு ஏத்துங்க அண்ணாச்சி. மிச்சம் இருக்கிற விம்மல் என்னோடது, மூணும்.”