பச்சை சைக்கிளுக்குத் தீர்வை

பினாங்கில் வாங்கி, ஏழு வருஷம் சலவைத் துணி சுமந்த சைக்கிளைத் தங்கையன் ஊருக்குக் கொண்டுவந்தான். ஹாண்டில் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பேருக்குத்தான். பழசையா கொண்டுவந்தான் என்று ஊர் சிரிக்குமே என்று கப்பல் ஏறுமுன் பச்சைப் பெயிண்ட் அடித்தான் பாருங்கள், அதுதான் வினையாகிவிட்டது.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் சுங்க அதிகாரி பரசுராமர் மீசையைத் தடவினார். "புத்தம் புது வண்டி. சுங்கத் தீர்வை நூற்றிருபது ரூபாய். கட்டலைன்னா வண்டி சர்க்காருக்கு."

தங்கையன் மடியில் இருந்ததோ முப்பது ரூபாய். "ஐயா, இது பழசுங்க. பழசுக்கு உண்டானதைப் போடுங்க."

"எங்கிட்டயே கதை விடுறியா? இருபது வருஷமா வண்டி பார்க்கிறேன். பார்த்தாலே தெரியும்."

சுங்கக் கிடங்கின் கதவடைக்கும் மணி அடித்தது. தங்கையன் மெல்லச் சொன்னான்: "சரிங்கய்யா. புது வண்டியை முதல்ல கைராசிக்காரர்தான் ஓட்டணும். ஐயாவே ஒரு சுற்று ஓட்டுங்க. அப்புறமும் புதுசுன்னு நீங்க எழுதினா, வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போறேன்."

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்தது. ஏறி மிதித்தார். கிடங்கு வாசலைத் தாண்டவில்லை, வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் அவரைக் கருவாட்டு மூட்டை மேல் தள்ளியது.

"அடப்பாவி! இது உங்க தாத்தா காலத்து ஓட்டை வண்டிடா!"

காத்து நின்ற பயணிகள் வரிசை முழுக்கக் கேட்டது. தங்கையன் ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டான். அவர் பையிலிருந்து விழுந்து கிடந்த பேனாவைத் துடைத்துப் பணிவாக நீட்டினான்.

"அதையே எழுதிடுங்கய்யா."