ஓட்டில் ஒட்டியது

"என் கையில என்னடி குறை?" என்று கேட்டாள் எவ்லின்.

லெயோனி முருங்கைக்கீரைக் கொத்தை உதறி, இலையை உருவிக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கன்னியர் மடத்துச் சமையல்கட்டு அது. மடத்தை ஒட்டிய முதியோர் இல்லத்துக்கு மூன்று வேளையும் அங்கேதான் உலை கொதிக்கும். உலைக்குப் பொறுப்பு சிஸ்டர் லெயோனி.

மருமகளோடு சண்டை, மகன் முகம் பார்க்காத கவலை என்று யார் யாரோ அவளைத் தேடி வருவார்கள். லெயோனி புத்தி சொல்ல மாட்டாள். கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். பட்டாணி உரிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது. வேலை முடிவதற்குள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

எவ்லின் அவளுக்குப் பள்ளித் தோழி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாங்காயைக் கடித்த இருவரில், ஒருத்தி மடத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். இன்னொருத்தி அவளுடைய அண்ணன் லூசியனுக்கு.

"அண்ணன் சாப்பிட்டுச்சா?" என்றாள் லெயோனி.

"அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளாக லூசியன் தட்டைத் தள்ளிவிடுகிறார். கஞ்சியைத் தள்ளினார். சூப்பைத் தள்ளினார். சட்டை தோளிலிருந்து கொடியில் போட்ட மாதிரி தொங்குகிறது. பத்தியத்தை எல்லாம் விடுங்கள், விரும்பியதைக் கொடுங்கள், இப்படியே வயிறு காய்ந்தால் மறுபடி படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்ன வேணும் என்று கேட்டாள் எவ்லின்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொக்கீய். அம்மா செய்யற மாதிரி."

கொக்கீய் என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விசிறி போல விரிந்த, உள்ளங்கை அகலச் சிப்பி ஓடு. அதற்குள் சின்ன வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, வெள்ளை ஒயினில் ஒரு கொதி விட்ட சிப்பிச் சதை. மேலே பாலும் மைதாவும் காய்ச்சிய வெள்ளை சாஸ். சுற்றிலும் மசித்த உருளைக்கிழங்கில் ஒரு கரை. ரொட்டித்தூள், சீஸ். ஓவனிலிருந்து அது பொன்னிறமாக வெளியே வந்தால் வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதென்று பொருள்.

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்காமல் செய்தாள்.

லூசியன் ஒரு கரண்டி எடுத்தார். மென்றார். கரண்டியை வைத்தார்.

"நல்லா இருக்கு. ஆனா அது இல்ல."

கல்யாணமான வருஷம் சொன்ன அதே வார்த்தைகள். பிறகு ஒவ்வொரு வருஷமும் சொன்னவை. முன்பெல்லாம் அப்படிச் சொல்லிவிட்டு இரண்டாவது ஓட்டையும் காலி செய்வார். இந்த முறை முதல் ஓட்டையே தள்ளிவிட்டார்.

"நான் எதை மாத்தலன்னு சொல்லு," என்றாள் எவ்லின். "வெண்ணெய மாத்தினேன். சீஸ மாத்தினேன். உங்க அம்மா காலத்துல இந்தச் சிப்பி இங்க ஏது, ஓடு மட்டுந்தானே கப்பல்ல வந்துச்சு, உள்ள இறால்தான் வைப்பாங்கன்னு இறால் வச்சுப் பாத்தேன். அது இல்லையாம். பையன் பிரான்ஸ்லேருந்து ஐஸ் பெட்டியில நிஜச் சிப்பியே கொண்டாந்தான். அதுவும் இல்லையாம். ரொட்டிக்கடைக்குத் தூக்கிட்டுப் போயி விறகு அடுப்புல வச்சு எடுத்தேன். அத்தை இருக்கும்போது அவங்ககிட்டயே கேட்டேன். 'கை வந்துடும்மா'ன்னு சிரிச்சாங்க. எங்க வந்துச்சு? கைநடுக்கந்தான் வந்திருக்கு."

லெயோனி சிரித்தாள்.

"சிரிக்காத. நீ அவங்க வயித்துல பொறந்தவ. அந்த அடுப்படியில வளந்தவ. என்னமோ ஒண்ணு போட்டிருக்காங்க. அது என்னன்னு சொல்லு, போதும். அந்த மனுஷன் எழுந்து உக்காரட்டும்."

லெயோனி மடியிலிருந்த காம்புகளைத் தட்டிவிட்டாள்.

"அந்த ஓடுங்க இருக்கா?"

"ஆறும் இருக்கு."

"போய்க் கழுவு."

"கழுவித்தான் வச்சிருக்கேன்."

"இன்னொரு தரம் கழுவு, அண்ணி."

அண்ணி என்று அவள் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது.

*

முணுமுணுத்துக்கொண்டே கழுவினாள் எவ்லின். கேட்டது வழி, கிடைத்தது பத்துப்பாத்திரம்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊர் திரும்பியபோது கம்பளிக் கோட்டுக்குள் சுருட்டி, இரும்புப் பெட்டியில் வைத்து இந்த ஓடுகளைக் கொண்டுவந்தாராம். கோட்டைப் பூச்சி அரித்தது. பெட்டி துருப்பிடித்தது. மாமனாரும் போனார். ஓடுகள் அப்படியே இருந்தன. வெளிப்பக்கம் வரிவரியாக, ஈர மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல.

அழுக்கு அந்த வரிகளில் இல்லை. விளிம்பின் உட்பள்ளங்களில் இருந்தது. சாஸ் வழிந்து, சீஸ் உருகி, சூட்டில் கருகிக் கல்லாகியிருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தாள். வரவில்லை. ஊறவைத்துத் தேய்த்தாள். நுனிவிரலால் சுரண்டிச் சுரண்டித்தான் வந்தது.

முதல் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்தது.

அவள் புதுப்பெண். சமையல்கட்டு நிலைப்படியில், கையில் தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தாள். பெரிய மேஜையில் ஆண்கள். மீசை வைத்த பங்குச் சாமியார். அவருக்குப் பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் லூசியன். தலையில் அவ்வளவு முடி. மாமியார் ஓட்டை வைத்தார். லூசியன் முதல் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடினார்.

மூடிய அந்தக் கண்ணுக்குள் எப்படியாவது போய்விட வேண்டும் என்று அவளுக்கு அன்று ஓர் ஆசை வந்தது.

அவளுக்கு வயதாகிவிட்டது. ஆசைக்கு ஆகவில்லை.

ஆறு ஓடுகளையும் துடைத்துக் கவிழ்த்தாள்.

*

"கழுவிட்டேன்," என்று வந்து நின்றாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"இடுப்பு வலி தெரிஞ்சுது."

"பரவாயில்லையே," என்றாள் லெயோனி. "எனக்குத் தெரிஞ்சதுல பாதி உனக்கும் தெரிஞ்சுபோச்சு."

"மீதிப் பாதி?"

"ஒரே ஒரு ஓடு செஞ்சு எடுத்துட்டு வா. ஆறாம வரணும்."

எவ்லினுக்கு உயிர் வந்தது. ருசி பார்த்துச் சொல்லப்போகிறாள். பெற்ற மகளின் நாக்கு. ஜாதிக்காய் குறைகிறதா, வெங்காயம் கூடுகிறதா என்று அந்த நாக்குக்குத் தெரியாமல் வேறு எதற்குத் தெரியும்?

அன்றைக்கு அவள் சமைத்ததைச் சமையல் என்று சொல்லக் கூடாது. ஜெபம் என்று சொல்லலாம். வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கக் காத்திருந்தாள். சிப்பியை நெருப்பில் அதிக நேரம் விட்டால் ரப்பர் ஆகிவிடும் என்று, ஒரு பக்கம் வெளுத்ததும் திருப்பி, மறுபக்கம் வெளுக்கும்போதே இறக்கினாள். சாஸைக் கட்டி விழாமல் துழாவினாள். ஓடு சாய்ந்துவிடாமல் இருக்க, தட்டில் கல்லுப்பைப் பரப்பி அதன்மேல் உட்காரவைத்தாள். அத்தை அப்படித்தான் வைப்பார்.

பொன்னிறம் வந்ததும் துண்டில் சுற்றி, தூக்குக்குள் வைத்து, ஆட்டோவில் ஏறினாள். வேகத்தடை வரும்போதெல்லாம் "தம்பி, மெதுவா" என்றாள்.

"உள்ள என்னம்மா, குழந்தையா?" என்றான் ஆட்டோக்காரன்.

"அதுக்கும் மேல."

*

மடத்தில் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. பெரியவர்கள் படுத்துவிட்டார்கள். கழுவிய மேஜையின்மேல் லெயோனி ஒரு தட்டு வைத்தாள். ஒரு முள்கரண்டி வைத்தாள். ஓட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். ஆவி பறந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு."

"நீ உக்காரு. நீதானே சாப்பிடணும்."

"நீ சாப்பிடு."

"விளையாடாதடி. நான் சாப்பிட்டா எனக்கென்ன தெரியும்? நீதான் உங்க அம்மா செஞ்சதோட வச்சுப் பாத்துச் சொல்லணும்."

"நான் எதோட வச்சுப் பாப்பேன்?" என்றாள் லெயோனி. "நான் அதைச் சாப்பிட்டதே இல்லையே."

எவ்லின் அவளையே பார்த்தாள்.

"ஓடு ஆறு. அப்பாவுக்கு ரெண்டு. அண்ணனுங்க மூணு பேருக்கு மூணு. சாமியாருக்கு ஒண்ணு. முடிஞ்சுதா?"

"நீ?"

"நான் கழுவுவேன்."

"அத்தை?"

"நான் கழுவுவேன், அம்மா துடைப்பாங்க."



"கேட்டிருக்கலாமே, லெயோனி."

"எதைக் கேக்கறது? அது ஆம்பளைங்க பலகாரம். அப்படி யாரும் சொல்லல. ஓடு ஆறுதானே இருந்துச்சு." லெயோனியின் முகம் சின்னப் பெண்ணின் முகம்போல மலர்ந்தது. "ஆனா பள்ளத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல, கருகின சீஸ்? அம்மா அந்தப் பக்கம் திரும்பினதும் நகத்தால சுரண்டி வாயில போட்டுக்குவேன். அப்பப்பா. டிசம்பர் மாசம் பூரா அதுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். அதுதான் எனக்குக் கொக்கீய்."

பிறகு கேட்டாள். "நீ எப்ப சாப்பிட்ட?"

எவ்லின் எண்ணிப் பார்த்தாள்.

அவருக்கு இரண்டு. பையன்களுக்கு ஆளுக்கு ஒன்று. அவருடைய அண்ணன் வருவார், நண்பர் ஒருவர் வருவார். சாஸில் உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியிருக்கிறாள். அது எத்தனையோ முறை.



"அப்புறம் எதை வச்சுடி அண்ணன் சொன்னத நம்பின?" என்றாள் லெயோனி.

எவ்லின் உட்கார்ந்தாள்.

முள்கரண்டியைக் குத்தினாள். உருளைக்கிழங்கின் கரை முறுகி உடைந்தது. உள்ளே சாஸ் இளஞ்சூடாக இருந்தது. சிப்பி பல்லுக்குப் பணிந்தது. முதலில் வெங்காயத்தின் இனிப்பு. அதன் பின்னால் வெண்ணெய். எல்லாவற்றுக்கும் பின்னால், வெகு தூரத்தில், கடல்.

இன்னொரு வாய்.

இன்னொன்று.

"எப்படி இருக்கு?"

எவ்லின் கையை மட்டும் அசைத்தாள். வாய் நிறைந்திருந்தது.

நிமிர்ந்தபோது ஓடு காலி.

"ஐயையோ," என்றாள். "உனக்கு வைக்கவே இல்லையே, லெயோனி."

"நீ என்னிக்குடி எனக்கு மாங்காய்ல பாதி வச்ச?" என்றாள் லெயோனி. "எனக்கு வேண்டியது இருக்கு, கொடு."

ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். விளிம்பின் பள்ளத்தில் கருகியிருந்ததைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். நாக்கில் வைத்தாள்.

நின்றாள்.

எவ்லின் அவள் முகத்தைப் பார்த்தாள். முக்காட்டுக்குள் நரைத்த புருவம். அதன் கீழே மூடிய கண்.

"இதேதான்," என்றாள் லெயோனி.

"என்னது?"

"இதேதான்டி."

அடுத்த பள்ளத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

*

மறுநாள் மதியம் எவ்லின் இரண்டு ஓடுகளை மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

ஒன்றை லூசியன் முன்னால் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மற்றதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

ரெண்டும் எனக்கா என்று கேட்கப்போன லூசியன் நிறுத்திக்கொண்டார்.

அவள் சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. அவர் பக்கம் பார்க்கவில்லை. ரொட்டித்துண்டால் சாஸைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ என்ன சாப்பிடற?"

"கொக்கீய்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஒரே மேஜை. அவள் எப்போதும் நின்றிருந்த இடம் அவருக்குப் பின்னால்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றாள். சற்று யோசித்தாள். "மிளகு பத்தல."

எழுந்து போய் மிளகுப்பொடி எடுத்துவந்து, தன் ஓட்டின்மேல் தூவிக்கொண்டாள்.

லூசியன் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் மென்றார். எவ்லின் ஓரத்தில் முறுகிய கிழங்கைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாய்.

மூன்றாவது.

கரண்டியை வைத்தார்.

"எவ்லின்."

"ம்."

"அம்மா இதைச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

அவள் மிளகுப்பொடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுக்குங்க," என்றாள். "ஆறிடும்."